செட்டிநாட்டில் நெல் வாங்கி விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெல் வியாபாரத்தில் கைமுதலை இழந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விலை சரிந்தது, மில்காரர் பணம் தரவில்லை, தரகர் ஏமாற்றிவிட்டார் என்பார்கள். பொறுமையாக உட்கார்ந்து கணக்கைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் நெல்லோடு தண்ணீரையும் பதரையும் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள். விற்கும்போது லாபத்தைக் கூட்ட நமக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு, ஏனென்றால் விலையை நிர்ணயிப்பது மில்லும் சந்தையும்தான். களத்துமேட்டில் நிற்கும் அரைமணி நேரத்தில்தான் லாபமும் நட்டமும் முடிவாகின்றன. ஆகவே அந்த அரைமணி நேரத்தைப் பற்றி இங்கே விரிவாகவும் மற்றவற்றை வேண்டிய அளவிலும் சொல்கிறேன்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கல்லல், கண்ணங்குடி, திருமயம் பக்கம் சிறிய அளவில் நெல் வாங்கி விற்கத் தொடங்குகிறவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தஞ்சாவூர் வழக்கம் வேறு. அங்கே எழுதப்பட்டதை இங்கே அப்படியே பின்பற்றினால் சரிப்படாது.

பருவத்தையும் ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள்

செட்டிநாடு வானம் பார்த்த பூமி. பெரும்பகுதி கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும்தான். ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, தை மாசியில் அறுவடை. ஆண்டுக்கு ஒரே போகம். டெல்டாவில் குறுவை தப்பினால் சம்பாவில் ஈடுகட்டலாம். இங்கே தைப்பொங்கல் முடிந்து மாசி மகத்துக்குள் வாங்க வேண்டியதை வாங்கவில்லை என்றால் அந்த ஆண்டு வியாபாரம் அவ்வளவுதான்.

ஆகையால் வேலை மார்கழியிலேயே தொடங்குகிறது. எந்தக் கண்மாய் நிரம்பியது, எது பாதியில் நின்றது என்று ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். நிரம்பிய கண்மாய்க்குக் கீழே உள்ள வயலில் நெல் மணி பிடித்திருக்கும். கடைசித் தண்ணீர் கிடைக்காத வயலில் கதிர் பார்வைக்குப் பொன்னாகத் தெரிந்தாலும் கையில் உருவினால் பாதி கருக்காயாக, அதாவது அரிசி பிடிக்காத பதராக இருக்கும். இந்த ஒரு சுற்று உங்களுக்குத் தரும் தகவலை எந்தத் தரகரும் தரமாட்டார்.

உள்ளூர் விளைச்சலை மட்டும் நம்பிப் புதுவயல் அரிசி ஆலைகள் ஓடுவதில்லை. கிழக்கே திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கமிருந்தும், வடக்கே அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கமிருந்தும் நெல் வருகிறது. திருவாடானையை ராமநாதபுரம் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். அங்கே அறுவடை மும்முரமாகும் வாரத்தில் இங்கே விலை இறங்கும். அந்த வாரத்தில் விற்காதீர்கள். கையில் பணமிருந்தால் வாங்குங்கள்.

ரகங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆந்திரா பொன்னி என்று நாம் சொல்லும் பிபிடி 5204, என்.எல்.ஆர். 34449, ஆர்.என்.ஆர். 15048 ஆகியவை சன்ன ரகங்கள். சாப்பாட்டு அரிசிக்குப் போகும். ஏடிடீ 45, கோ 51 இரண்டும் பரவலாக விளைபவை. ஏடிடீ 37, ஏஎஸ்டி 16 போன்ற குண்டு ரகங்களை இட்லி அரிசிக்கென்றே கேட்டு வாங்குவார்கள். வறட்சி தாங்குகிறது என்று பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் அண்ணா 4 ரகத்தை மானாவாரிக்காரர்கள் விதைக்கிறார்கள். இரண்டு ரகம் கலந்த நெல்லுக்கு மில்லில் சன்ன ரக விலை கிடைக்காது, வேக வைக்கும் பக்குவமும் ஒத்துவராது. முதல் ஆண்டில் இரண்டு ரகத்துக்கு மேல் தொடாதீர்கள்.

உரிமமும் தாள்களும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெல் உங்கள் பகுதியில் அறிவிக்கப்பட்ட விளைபொருளாக இருந்தால், 1987ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனைச் சட்டப்படி விற்பனைக் குழுவில் வணிகர் உரிமம் எடுக்க வேண்டும். 1 சதவீதச் சந்தைக் கட்டணத்தை வாங்குபவர்தான் கட்ட வேண்டும். அதை விவசாயி கணக்கில் கழிப்பது முறையல்ல. அரிசியாக்கி விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும்.

மூன்று காரியங்களைத் தொடவே கூடாது. ரேஷன் அரிசி எந்த ரூபத்தில் வந்தாலும் வாங்காதீர்கள். 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு பாயும், வண்டியும் பறிமுதலாகும். மலிவாக வருகிறதே என்று சபலப்பட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அடுத்து, விவசாயி பெயரில் சிட்டா அடங்கல் வாங்கி உங்கள் நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் போடாதீர்கள். மூன்றாவது, நல்ல நெல்லாக இருக்கிறதே என்று ‘விதை நெல்’ என்று சொல்லி விற்காதீர்கள். விதை விற்க உரிமம் தனி.

கருவிகள்

ஈரப்பதமானி, மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் குத்தூசி, முத்திரையிட்ட தராசு, தார்ப்பாய், கோணி ஊசியும் சணலும், ஒரு தடித்த நோட்டு. இவ்வளவு போதும். மற்ற எதில் சிக்கனம் பார்த்தாலும் ஈரப்பதமானியில் பார்க்காதீர்கள். மில்லில் இருக்கும் மானியோடு உங்களுடையதை ஒப்பிட்டு, எவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்று சீசன் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் 15 என்று வாங்கியதை மில் 17 என்று சொன்னால், அந்த இரண்டு சதவீதம் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

விலையைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள்

ஊருக்கு ஊர் மூட்டை வேறு. அரசு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. வெளியே ஓரிடத்தில் 62 கிலோ, இன்னோரிடத்தில் 75 கிலோ. ‘மூட்டை என்ன விலை’ என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 62 கிலோ மூட்டை 1,350 ரூபாய் என்கிறார் ஒருவர். பக்கத்து ஊரில் 75 கிலோ மூட்டை 1,600 ரூபாய் என்கிறார்கள். முதலாவது குவிண்டால் 2,177 ரூபாய், இரண்டாவது 2,133. காதுக்கு மலிவாகக் கேட்டதுதான் விலை கூடியது. சாக்கின் எடை கழித்தா கழிக்காமலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சணல் சாக்கு ஒன்று அரைக்கிலோவுக்கு மேல் இருக்கும்.

உங்கள் விலைக்கு அடித்தளம் அரசு விலை. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,369, சன்ன ரகம் 2,389. மாநில ஊக்கத்தொகையான 131, 156 ரூபாயைச் சேர்த்துத் தமிழ்நாட்டில் அந்தப் பருவத்தில் முறையே 2,500, 2,545 ரூபாய் கிடைத்தது. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் அந்தந்தப் பருவத்து அரசு விலைக்கு வாங்குகின்றன.

அப்படியென்றால் விவசாயி ஏன் நம்மிடம் விற்க வேண்டும்? நியாயமான கேள்வி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்த்தினால்தான் அதற்கு மேல் ஏற்பார்கள். முதிராத, சுருங்கிய மணி 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். குத்தகைக்குப் பயிரிட்டவருக்கு இதில் சிரமம். வரிசையில் காத்திருக்கும்போது மழை வந்தால் நட்டம் விவசாயியுடையது. நிலையம் தன் ஊருக்குத் தொலைவாக இருந்தால் வண்டிக் கூலியும் சேரும். அறுத்த அன்றே களத்தில் பணம் தருகிறவருக்கு ஓரளவு விலை குறைத்துக் கொடுக்க அவர் சம்மதிப்பது இந்தக் காரணங்களால்தான். அந்த ‘ஓரளவு’ அவருடைய சிரமத்துக்கு ஈடாக இருக்கும்வரை வியாபாரம். அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டு அந்த ஊருக்குள் நீங்கள் போக முடியாது. சிற்றூர்களில் செய்தி வேகமாகப் பரவும்.

களத்தில் நெல்லைப் பார்ப்பது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

முதலில் எப்படி அறுத்தது என்று கேளுங்கள். ஆள் வைத்து அறுத்து, அரி காய்ந்து, அடித்துத் தூற்றிய நெல்லில் ஈரம் குறைவு. இப்போது அப்படி அறுப்பது அரிது. இயந்திரம் அறுத்த நெல் நேராகத் தொட்டியிலிருந்து தார்ப்பாயில் கொட்டுகிறது. 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம். வயலில் சேறு காயாமல் பெல்ட் வண்டி இறங்கி அறுத்ததென்றால் இன்னும் கூடுதல். காலையில் பனி காயும் முன்பே அறுத்தார்களா, வெயில் ஏறிய பிறகா என்பதையும் கேளுங்கள்.

அடுத்து, குவியலின் மேலிருந்து மாதிரி எடுக்காதீர்கள். மேல் நெல் வெயிலில் காய்ந்திருக்கும். முழங்கை வரை கையை உள்ளே விட்டால் சூடு தெரியக் கூடாது. குளிர்ச்சியாகவோ இயல்பாகவோ இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே வேகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நெல்லில் அரிசி மஞ்சள் பூக்கும். குவியலின் அடி, நடு, ஓரம் என்று பல இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலந்து, அந்தக் கலவையைத்தான் மானியில் போட வேண்டும். மூட்டையாகக் கட்டியிருந்தால் குத்தூசியால் மூலைக்கு மூலை குத்தி எடுங்கள். வாசலோரம் இருக்கும் மூட்டைகளோடு நிறுத்திவிடாதீர்கள்.

மானி காட்டும் எண்ணை என்ன செய்வது? ஒரு கணக்கு. 100 கிலோ நெல் 20 சதவீத ஈரத்தோடு இருக்கிறது. அதில் தண்ணீர் 20 கிலோ, உலர்ந்த பொருள் 80 கிலோ. அதைக் கிடங்கில் வைக்கத்தக்க 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் 80-ஐ 0.86-ஆல் வகுத்த 93 கிலோதான் மிஞ்சும். 7 கிலோ காற்றில் போய்விட்டது. 17 சதவீத நெல் என்றால் 96.5 கிலோ மிஞ்சும்.

ஆகவே 20 சதவீத ஈர நெல்லைக் குவிண்டால் 2,100-க்கு வாங்கினால் உங்களுக்கு அடக்கம் உண்மையில் 2,257 ரூபாய். பக்கத்துக் களத்தில் 17 சதவீத நெல் 2,150 சொன்னால் அது 2,228 ரூபாய்தான். விலை கேட்டவுடன் ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தெரிந்த நெல், காய்ந்த பிறகு முப்பது ரூபாய் மலிவு. உலர்த்தும் கூலியை இன்னும் சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஈர அளவுக்கும் 14-க்கு வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு பட்டியலை எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். களத்தில் நின்று மனக்கணக்குப் போடத் தேவையில்லை.

பிறகு கருக்காய். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு கைப்பிடி நெல்லைப் போட்டுக் கலக்குங்கள். மிதப்பதை அள்ளி எடுத்துப் பாருங்கள். நூறு கிராம் எடுத்துப் போட்டு, மிதந்ததைப் பிழிந்து காயவைத்து நிறுத்தால் சதவீதமே கிடைக்கும். பழகிய பிறகு கண்ணே சொல்லிவிடும். மேலே சொன்ன 2,257 ரூபாய் நெல்லில் மூன்று சதவீதம் கருக்காயும் தூசியும் போனால் அடக்கம் 2,327 ஆகிவிடும். ‘காற்றில் தூற்றித் தந்தால் இந்த விலை, இப்படியே என்றால் இந்த விலை’ என்று இரண்டு விலையாகச் சொல்லுங்கள். விவசாயிக்கும் அது நியாயமாகத் தெரியும்.

அதன் பிறகு அரிசியைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து மணியை உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்து உமியை நீக்குங்கள். அல்லது சிறு பலகையில் நெல்லைப் பரப்பி மற்றொரு மரக்கட்டையால் உருட்டுங்கள். அரிசி கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறதா, சுண்ணாம்பு போல் வெளுத்திருக்கிறதா? வெளுத்த மணி மில்லில் பொடிந்து குருணையாகும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் குறுக்கே மயிர்க்கோடு போல் வெடிப்புத் தெரிகிறதா? தார்ச்சாலையில் கொளுத்தும் வெயிலில் அவசரமாகக் காயவைத்த நெல்லில் இது இருக்கும்; ஈரம் 13 என்று மானி காட்டும், விலையும் நல்ல விலை சொல்வார்கள், மில்லில் போட்டால் பாதி நொய். சாலையில் காய்ந்த நெல்லில் கல்லும் கூடவே வரும். இவற்றோடு ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். காய்ந்த நெல் ‘டக்’ என்று இரண்டாக உடையும், ஈர நெல் நசுங்கும். மானியை நம்பும் தலைமுறை இதைச் சிரித்துக்கொண்டு பார்க்கும். புதுவயலில் பழுத்த மில்காரர்கள் இன்றும் மானியைப் பார்ப்பதற்கு முன் கடித்துத்தான் பார்க்கிறார்கள்.

முளைத்த நெல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் சாய்ந்த கதிரிலேயே நெல் முளைக்கும். 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டா மட்டுமல்ல, ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கமும் அப்படி ஆனது. அத்தகைய ஆண்டில் மலிவு என்று வாங்கிக் குவிக்கத் தோன்றும். முனையில் வெள்ளைக் குருத்து எட்டிப் பார்க்கும் மணிகளை எண்ணுங்கள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் சாப்பாட்டு அரிசிக்கு ஆகாது. மாவுக்கோ தீவனத்துக்கோ போகும் விலையில்தான் பேச வேண்டும்.

பேரமும் எடையும்

பார்த்ததை எல்லாம் விவசாயியின் முன்னாலேயே பாருங்கள். மானி காட்டும் எண்ணை அவரிடமும் காட்டுங்கள். ‘ஐயா, பதினெட்டரை காட்டுகிறது. இன்னும் இரண்டு வெயில் காயவைத்தால் இந்த விலை தருகிறேன், இன்றைக்கே ஏற்றுவதென்றால் இவ்வளவுதான் வரும்’ என்று சொன்னால் அவரே முடிவு செய்வார். குறையை மறைத்து வைத்துக்கொண்டு எடை போடும்போது சொல்வது சிலருடைய வழக்கம். அப்போது லாரியும் லோடுமேன்களும் காத்திருப்பார்கள், விவசாயி வேறு வழியின்றி ஒப்புக்கொள்வார் என்பது கணக்கு. அது ஒரு முறைதான் பலிக்கும்.

எடையில் குழப்பமே வேண்டாம். வெறும் லாரியை எடைமேடையில் ஏற்றி, நெல் ஏற்றிய பிறகு அதே எடைமேடையில் மறுபடி எடுங்கள். மூட்டை மூட்டையாகப் போட்டால், எண்ணிக்கையை இருவருமே எழுதுங்கள். மரக்காலால் அளந்த காலத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவார்கள். பெரியவர்கள் இருக்கும் களத்தில் முதல் மூட்டையை இன்றும் அப்படி எண்ணுவதைக் கேட்கலாம். எண்ணும்போது நடுவில் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

‘ஈரக் கழிவு’, ‘தூசிக் கழிவு’ என்று மூட்டைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ எடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. என் கருத்தில் இது கெட்ட வழக்கம். ஈரத்துக்கு ஏற்ப விலையைக் குறைத்துப் பேசிய பிறகு எடையிலும் கழிப்பது ஒரே குறைக்கு இரண்டு முறை காசு வாங்குவது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தரகர்களை ஒதுக்க வேண்டாம். எந்தத் தெருவில் யார் அறுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தரகு யார் தருவது, மூட்டைக்கா குவிண்டாலுக்கா, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி யாருடையது என்பதை நெல்லைப் பார்க்கும் முன்பே பேசிவிடுங்கள். இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவரிடம் மாதிரியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

பணத்தை அன்றே கொடுங்கள். வங்கிக் கணக்கில் போட்டால் இருவருக்கும் சான்று இருக்கும்; ரொக்கமாகத் தந்தால் கையெழுத்து வாங்குங்கள்.

விதைப்புக்கு முன்பணம் தரலாமா

கொஞ்சம் பெயர் வந்ததும் இந்தக் கேள்வி வரும். ‘உரத்துக்குப் பணம் கொடுங்கள், அறுத்ததும் நெல்லை உங்களுக்கே போடுகிறேன்’ என்று அண்ணன் தம்பியாகப் பழகியவர் கேட்பார். மறுப்பது கடினம்.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய பாடமே இருக்கிறது. கீழ் பர்மாவின் நெல் வயல்களுக்கு நம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். ஐராவதி டெல்டா உலகத்துக்கே அரிசி அனுப்பியதில் அந்தக் கடனின் பங்கு பெரிது. நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. பணம் திரும்பி வர வேண்டும், அவ்வளவே. 1930-ல் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன்காரரால் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத விளைநிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937-ல் அது 25 சதவீதம் ஆயிற்று. விற்கவும் முடியாத, கொண்டுவரவும் முடியாத சொத்து அது. ஊராரின் வெறுப்பும் கூடவே வந்தது. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள். வட்டி வியாபாரத்தில் அவர்களை மிஞ்சிய கணக்குப்பிள்ளைகள் கிடையாது. அவர்களையே நெல் விலை சாய்த்தது.

நீங்கள் தரும் முன்பணமும் அதே வகைதான், அளவில் சிறியது. மழை பொய்த்தால் பணமும் வராது, நெல்லும் வராது, உறவும் கெடும். மழை கொட்டி விளைந்து விலை ஏறினால் நெல் வேறொருவருக்குப் போகும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையைக் கொடுங்கள். விலையை முன்கூட்டியே நிர்ணயிக்காமல், அறுவடை நாளின் சந்தை விலைக்கே வாங்கிக்கொள்வதாகப் பேசுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க வழி இருக்கிறது என்று கைகாட்டுவது இதைவிட நல்லது.

காயவைப்பதும் இருப்பு வைப்பதும்

வாங்கிய நெல் உடனே மில்லுக்குப் போகிறதென்றால் இந்தப் பகுதி உங்களுக்கு வேண்டாம்.

இருப்பு வைப்பதானால் 14 சதவீதத்துக்குக் குறைவாகக் காய வேண்டும். சிமெண்டுக் களத்தில் இரண்டு மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, அடிக்கடி காலால் கோடு இழுத்துக் கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் குவித்து மூடி, வெயில் சாய்ந்த பிறகு மறுபடி பரப்பினால் மணி வெடிக்காது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் இரண்டாங்கட்டு முற்றம் தானியம் காயவைப்பதற்கென்றே கட்டியது போலத்தான் இருக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காவல் பார்ப்பவர் மூலம் கேட்டால் சில உரிமையாளர்கள் சம்மதிப்பார்கள், ஆத்தங்குடித் தரை பாழாகாது என்று வாக்குக் கொடுத்தால்.

கிடங்கில் தரையோடு மூட்டையை வைக்காதீர்கள். மரச்சட்டம் போட்டு அதன்மேல் அட்டியாக அடுக்குங்கள். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, சுற்றி வர வழி விடுங்கள். அந்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் மருந்து வைப்பது பயிற்சி பெற்றவர் வேலை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் புகை ஆளைக் கொல்லும், ஆள் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய அறையில் அதைப் பயன்படுத்தவே கூடாது.

இனி முக்கியக் கேள்வி: இருப்பு வைத்தால் லாபமா? பழைய நெல்லுக்கு விலை அதிகம் என்பது உண்மை. பழைய அரிசி உதிரியாக வேகும், சோறு நன்றாகக் காணும், கல்யாணச் சமையல்காரர்கள் தேடி வாங்குவார்கள். ஆனால் 2,200 ரூபாய் அடக்கமுள்ள குவிண்டாலை ஆறு மாதம் வைத்தால், மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கே 132 ஆகிறது. ஒன்றரை சதவீதம் காய்ந்து, எலி தின்று குறைந்தால் 33. கிடங்கு வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, மருந்து என்று முப்பது நாற்பது. 2,400-க்குக் கீழே விற்றால் ஆறு மாதம் சும்மா காவல் காத்தது போலாகும். சொந்தப் பணத்துக்கு வட்டி போடாமல் ‘லாபம்’ என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அதோடு, விலை எப்போதும் ஏறிக்கொண்டே இருக்காது. 2023 ஜூலையில் மத்திய அரசு பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 செப்டம்பரில் விலக்கியது. இடையில் வியாபாரிகள் அரிசி இருப்பைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணையும் வந்தது. டெல்லியில் ஒரு கையெழுத்து, கல்லலில் உங்கள் கிடங்கு விலையை மாற்றிவிடும். முதல் இரண்டு பருவம் வாங்கியதை விற்றுப் பழகுங்கள். இருப்பு அதன் பிறகு. பணமுடையில் விற்க நேர்ந்தால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியைப் பற்றி விசாரியுங்கள்.

மில்லில் போட்டு அரிசியாக்குவது

நெல்லாக விற்பதில் குவிண்டாலுக்குக் கிடைப்பது சொற்பம், ஆனால் பணம் சீக்கிரம் திரும்பும். அரிசியாக்கினால் லாபம் கூடலாம், தலைவலியும் கூடும்.

அரசு தன் நெல்லை அரைக்கக் கொடுக்கும்போது நூறு கிலோவுக்குப் பச்சரிசி 67, புழுங்கல் 68 கிலோ கணக்குக் கேட்கிறது. நல்ல புடைத்த நெல்லுக்கு அது வரும். நம் மானாவாரி நெல்லில் உடைந்ததையும் சேர்த்தே 65, 66 வந்தால் நல்லது. மிச்சத்தில் உமி இருபது கிலோவுக்கு மேல், தவிடு ஐந்தாறு கிலோ.

ஒரு மாதிரிக் கணக்கு. இவை சந்தை விலை அல்ல, வழி காட்ட எடுத்த எண்கள். காய்ந்த நெல் அடக்கம் 2,260, வண்டி, கூலி, அரவை எல்லாம் 280, சாக்கு 40. ஆகச் செலவு 2,580. முழு அரிசி 62 கிலோ நாற்பது ரூபாய் வீதம் 2,480, குருணை 4 கிலோ நூறு ரூபாய், தவிடு 120, வரவு 2,700. மிச்சம் 120 ரூபாய். அதே நெல்லில் முழு அரிசி 58 ஆகவும் குருணை 8 ஆகவும் ஆனால் வரவு 2,640; மிச்சம் அறுபது. மொத்த அரிசி குறையவில்லை, நான்கு கிலோ உடைந்தது, அவ்வளவுதான். லாபம் பாதியாயிற்று. களத்தில் மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

தவிடும் உமியும் யாருக்கு என்று முதலிலேயே பேசுங்கள். அவற்றை மில்லுக்கே விட்டுவிட்டு அரவைக் கூலியைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. உங்கள் நெல் அரைபடும்போது நீங்களோ உங்கள் ஆளோ அங்கே நில்லுங்கள். பெரிய மில்லில் பல பேர் நெல் ஒன்றாகிப் போவது சகஜம். சிறிய அளவு கொண்டுபோகிறவருக்கு நடுத்தர மில்தான் ஏற்றது.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு முத்திரைச் சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதைத் தாண்டிய மூட்டைக்கு இல்லை. அதனால் ஒரு கிலோ கூடியது.

யாருக்கு விற்பது

மில்காரர்களில் மூன்று பேரையாவது பழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரையே நம்பினால் அவர் சொல்வதுதான் விலை. நெல்லை ஏற்றும் முன் மாதிரியை அனுப்பி விலையை உறுதி செய்யுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது பேசும் விலை எப்போதும் அவருக்குச் சாதகம். கடன் தவணை 15 நாளா ஒரு மாதமா என்பதையும் விலையோடு சேர்த்தே பேச வேண்டும். ஒரு மாதத் தவணைக்கு விற்றால் ஒரு சதவீதம் குறைத்து விற்றதற்குச் சமம்.

அரிசியாக விற்பவருக்குச் செட்டிநாட்டில் தனிச் சந்தை உண்டு. இங்கே பணியாரத்துக்கும் கந்தரப்பத்துக்கும் பச்சரிசி, இட்லிக்குக் குண்டு அரிசி, விசேஷத்துக்குக் கவுனி அரிசி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். ஆச்சிகளிடம் ஒரு ரகத்தைக் காட்டி வேறு ரகம் என்று சொல்லித் தப்ப முடியாது. ஊறவைத்த தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் சமையல்காரர்களும் பலகாரம் செய்து விற்பவர்களும் மொத்தமாக வாங்குவார்கள். இவர்களுக்கு விலையைவிட ‘போன முறை தந்த அதே அரிசி’ முக்கியம். ஒரு ரகத்தை ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் தர முடிந்தால், மில் விலைக்கு மேல் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் தாராளமாகக் கிடைக்கும். கவுனியில் விலை கவர்ச்சியாக இருக்கும். விற்பனை மெதுவாகத்தான் நடக்கும். கேட்டவர் இருக்கும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

கணக்கு

நோட்டில் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பக்கம். வாங்கிய தேதி, ஊர், ரகம், ஈரம், கருக்காய், எடை, விலை. கீழே தரகு, கூலி, வாடகை. அதற்குக் கீழே மில்லில் வந்த ஈரம், எடை, விலை. வாங்கும்போது நீங்கள் எழுதிய ஈரத்துக்கும் மில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் லோடுக்கு லோடு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒரே மில்லில் எப்போதும் கூடுதலாக வந்தால் மில்லை மாற்றுங்கள். எல்லா மில்லிலும் கூடுதலாக வந்தால் மானியை மாற்றுங்கள். மொத்தமாக ‘இந்த சீசனில் இவ்வளவு வந்தது’ என்று பார்ப்பது போதாது. எந்த ஊர் நெல் லாபம் தந்தது, எந்த ஊர் நெல் லாபத்தைத் தின்றது என்பது லோடுவாரிக் கணக்கில்தான் தெரியும்.

பங்குனி கடைசியில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுங்கள். வர வேண்டிய பாக்கியை வரவாக எழுதாதீர்கள். கைக்கு வந்த பிறகே அது பணம். ஆடிக்குள் வராத பாக்கியை அடுத்த தை மாத விலையில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காமல், அந்த மில்லுக்கு அடுத்த பருவம் ரொக்கத்துக்கு மட்டும் போடுங்கள். மிஞ்சிய சாக்குகளை உதறி வெயிலில் காயவைத்துக் கட்டி, எலி ஏறாத பரணில் போடுங்கள். கோடையில் யாரும் வாங்காத அதே சாக்குக்குத் தை மாதத்தில் சொன்னதுதான் விலை.